ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்

ஏரிக்கரையில் அவளை எல்லோரும் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை நேரத்தில் அவள் கொண்டையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, கை பின்னால் போய் அதை உருவும், திருகும், மறுபடி செருகிவிடும். ஒருமுறை அப்படியே ஒரு கல்யாணத்துக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள் என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

புருஷனுக்குக் கொக்கு என்று பேர். நெட்டை ஆள். பந்தயப் படகின் இருக்கையில் மடங்கி உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். ஐஸ் ஃபாக்டரி முதலாளியின் படகைப் பன்னிரண்டு வருஷமாக ஓட்டியவன். ஓட்டுவது அவன் பாடு, இஞ்சின் அவள் பாடு.

வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். நடுவில் ஒரு கதவு உண்டு, அதைச் சாத்தி யாரும் பார்த்ததில்லை. அதனால் படுக்கை விரிப்பில் கிரீஸ் வாசனை அடிக்கும், இஞ்சின் மூடியின்மேல் வெங்காயத் தோல் கிடக்கும். பக்கத்து அறையில் நாத்தனார், அதாவது கொக்கின் அக்கா, படகுகளுக்குத் தார்ப்பாய் உறை தைப்பாள். அவளுடைய தையல் மிஷின் ஓடுகிற வரைக்கும் வீட்டில் எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வாரம் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பருவத்தின் முதல் பந்தயம். வியாழக்கிழமை வெள்ளோட்டம். புதன்கிழமை மத்தியானம் திருப்புளி நான்கு புது ஸ்பார்க் பிளக்குகளைத் துண்டின்மேல் வரிசையாக வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரமாக அவற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிளக் என்பது சுண்டுவிரல் நீளப் பொருள். அதன் நுனியில் இரண்டு உலோக முனைகள், நடுவில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு சந்து. அந்தச் சந்தைத் தாண்டிப் பாய்கிற நெருப்புப்பொறிதான் பெட்ரோலைக் கொளுத்துகிறது. மெக்கானிக்குகள் அந்தச் சந்துக்குக் கேப் என்பார்கள். கேப் அகலமாக இருந்தால் பொறி பெரிதாக விழும். குளிர்ந்த காலையில் இஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டு, நின்ற இடத்தில் சீராக ஓடும். ஆனால் பந்தயப் படகில் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிக்க ஒரு கருவி இருக்கிறது. முழு வேகத்தில் போகும்போது, அகலமான கேப்பில் விழுகிற பொறியை அந்த அழுத்தமே அணைத்துவிடும், வாயருகே பிடித்த மெழுகுவத்தியை ஊதியது மாதிரி. கேப் குறுகலாக இருந்தால் ஊதினாலும் அணையாது, ஆனால் நின்ற இடத்தில் இஞ்சின் முனகும். ஒரு மில்லிமீட்டரைப் பத்துப் பங்காக்கி, அதில் ஆறு பங்கு என்றால் ‘ஆறு’, எட்டுப் பங்கு என்றால் ‘எட்டு’. மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்து அளப்பார்கள். இந்த இஞ்சினுக்கு அவள் வழக்கமாக வைப்பது ஆறு.

போன பருவத்துக் கடைசிப் பந்தயத்துக்கு மட்டும் எட்டு வைத்தாள். அன்று காலையில் பனி. நின்ற இடத்தில் இஞ்சின் இருமிக்கொண்டே இருந்தது. யாரிடமும் சொல்லாமல் நான்கு பிளக்கையும் கழற்றி, முனையை லேசாக நிமிர்த்தி எட்டாக்கினாள். இஞ்சின் குழந்தை மாதிரி அடங்கிவிட்டது. பந்தயத்தில் மூன்றாவது மிதவையைச் சுற்றும்போது படகு மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு சுழன்றது. கொக்கு இருபதடி தள்ளிப் போய் விழுந்தான். இடுப்பில் மாட்டியிருந்த கயிறு பிடுங்கிக்கொள்ள, இஞ்சின் நின்றது. ஓட்டுகிறவன் விழுந்தால் நிற்பதற்காகத்தான் அந்தக் கயிறே. ஆனால் கரைக்குத் தூக்கி வந்தபோது கொக்கு சொன்னான்: “இஞ்சின் கட்டாயிடுச்சு. அதுக்கப்புறந்தான் சுத்துச்சு.”

காறை எலும்பு முறிந்து, இரண்டு விலா எலும்பில் விரிசல் விட்டு, மூன்று மாதம் படுக்கை. அன்று சாயங்காலமே அவள் அந்த நான்கு பிளக்கையும் கழற்றி, பார்க்காமலே ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் தள்ளிவிட்டாள். எட்டு வைத்ததால் பொறி அணைந்தது, பொறி அணைந்ததால் இஞ்சின் நின்றது, புருஷன் தண்ணீரில் பறந்தான். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. பத்து மாதமாக அவனுக்குத் தோளில் தைலம் தேய்க்கிறபோதெல்லாம் விரலுக்கடியில் அந்த எலும்பு கூடிய மேடு தட்டும். அப்போதெல்லாம் உண்மை வாய்வரை வரும், விழுங்கிவிடுவாள்.

கடைசியில் அந்தப் புதன்கிழமை புது பிளக்குகளுக்கு ஐந்து வைத்தாள். வழக்கத்தைவிடவும் குறுகல். அணையவே கூடாது என்று.

வியாழக்கிழமை காலை மழை நின்றிருந்தது. தண்ணீர் இரும்பு நிறத்தில் கிடந்தது. படகுத்துறையில் முதலாளி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். குரல்தான் பெரிசு, ஆள் அவ்வளவு கெட்டவர் இல்லை.

கொக்கு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். இஞ்சின் பிடித்தது, உதறியது, முனகியது, நின்றது. மறுபடி பிடித்தது, மறுபடி நின்றது.

“என்னம்மா இது,” என்றார் முதலாளி, “ஆஸ்துமாக்காரன் மாடிப்படி ஏறுற மாதிரி இழுக்குது? கேப் எவ்வளவு வச்சே?”

“அஞ்சு.”

“அஞ்சா? பன்னெண்டு வருஷமா ஆறு வச்ச கைக்கு இப்ப என்ன வந்துச்சு?”

கொக்கு அதற்குள் கயிற்றைக் கழற்றிவிட்டு மேலே ஏறிவிட்டான். “இன்னிக்கு வேணாம் முதலாளி. இஞ்சின் சரியில்ல. சரியில்லாத இஞ்சின்ல போகக் கூடாது.” சில்லென்ற காற்றிலும் அவன் கழுத்தில் வேர்வை ஓடியது. தோள் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள். அந்த வலியும் தன்னால்தானே என்று இன்னொரு நினைப்பு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது.

ஆண்கள் இரண்டு பேரும் போன பிறகு அவள் துறையிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தபால்காரி, ஏரியின் நடுவிலிருக்கிற தீவுகளுக்குப் போகவேண்டிய கடிதங்களைத் தன் தபால் படகின் கூரையடியில் வைத்துத் தீவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஆறு நாள் கடிதம் கொண்டுபோவாள், ஏழாம் நாள் சின்ன ரகப் படகில் பந்தயம் ஓட்டுவாள். இரண்டு வேலையையும் ஒரே வேகத்தில் செய்கிறாள் என்று தீவுக்காரர்கள் புகார் சொல்வதுண்டு.

“அஞ்சு வச்சா நின்ன இடத்துல எப்படி ஓடும்? உனக்குத் தெரியாததா?” என்றாள் தபால்காரி.

“தெரியும். பயமா இருக்கு.”

“எதுக்கு?”

வேறு யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். தபால்காரி கேட்டபடியே கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது வசதியாக இருந்தது. திருப்புளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எட்டு, பனி, மூன்றாவது மிதவை, பத்து மாதம்.

தபால்காரியின் கை நின்றது. “அந்தப் பிளக்கெல்லாம் எங்க?”

“வீட்டுல. ஒரு டப்பால.”

“பாத்தியா?”

“இல்ல.”

“பத்து மாசமா பாக்கலையா? ஏன்டி, எனக்கு வந்த கடுதாசிய நான் பிரிக்காமலே வச்சிருந்தா நீ என்ன சொல்லுவே? கயிறு புடுங்கி இஞ்சின் பட்டுனு நின்னுச்சில்ல? அப்ப கடைசி நொடியில என்ன நடந்துச்சோ அது பிளக்குல அப்படியே இருக்குமே. அணைஞ்சிருந்தா எரியாத பெட்ரோல் பட்டுக் கரேல்னு இருக்கும். பெட்ரோல் காஞ்சாலும் கரி எங்க போகும்?”

“அதான் பாக்கல.”

“கரியா இருந்தா இருக்கட்டும். இப்ப மட்டும் நீ என்ன வெள்ளையாவா இருக்கே? போய்ப் பாரு போ.”

அவள் வீடு வந்து சேர்வதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நாத்தனாரின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொக்கு பின்கட்டில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தான். திருப்புளி ஸ்டூலைப் போட்டு ஏறி, டப்பாவை எடுத்து, விளக்கை அருகில் இழுத்து வைத்துக்கொண்டாள். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கொண்டையிலிருந்த திருப்புளியை உருவி நெம்பித் திறந்தாள்.

முதல் பிளக்கின் முனை பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். அதுவும் தேநீர் நிறம். நான்காவதும். கரியும் இல்லை, பிசுக்கும் இல்லை. நன்றாக ஓடுகிற இஞ்சினுக்குள் ஒவ்வொரு பொறியும் ஒழுங்காக விழுந்து எரிந்திருக்கிறது, கடைசி நொடிவரைக்கும். தகட்டை நுழைத்து அளந்தாள். நாலும் எட்டுதான். அவள் வைத்த அதே எட்டு.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூச்சை இழுத்து விட்டாள். தோளிலிருந்து யாரோ மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. அப்புறந்தான் அடுத்த நினைப்பு வந்தது.

“ஏங்க,” என்று கூப்பிட்டாள். “கொஞ்சம் இங்க வாங்க.”

கொக்கு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். “முட்டை அடுப்புல இருக்கு. என்ன?”

“இத பாருங்க.”

ஒன்றை எடுத்து விளக்கில் திருப்பிப் பார்த்தான். பன்னிரண்டு வருஷம் இந்த இஞ்சினோடு கிடந்தவனுக்குப் பிளக் பார்க்கத் தெரியாதா? “அருமையா எரிஞ்சிருக்கே,” என்றான். “எப்பத்தது இது?”

“நீங்க விழுந்த அன்னிக்கு உள்ள இருந்தது.”

அவன் அதைத் துண்டின்மேல் வைத்தான். ரொம்ப மெதுவாக வைத்தான்.

“அன்னிக்குக் காலைல நான் எட்டு வச்சிருந்தேங்க. உங்ககிட்ட சொல்லல. எட்டு வச்சதாலதான் இஞ்சின் நின்னுச்சு, என்னாலதான் நீங்க விழுந்தீங்கன்னு இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன்.”

“நீயா? நீ என்ன பண்ணே?”

“அதான் சொல்றேனே, எட்டு வச்சேன்.”

“எட்டு வச்சா என்ன? அருமையா ஓடுச்சே அன்னிக்கு...” சொல்லிவிட்டு அவன் நிறுத்திக்கொண்டான். சொன்ன சொல் வெளியே வந்துவிட்டது, திரும்ப உள்ளே போகாது.

“அருமையா ஓடுச்சு,” என்றாள் அவள். “இஞ்சின் நிக்கவேயில்ல. அப்ப என்ன நின்னுச்சு?”

கூரைத் தகரத்தில் மழை அடித்தது. பக்கத்து அறையில் தையல் மிஷினும் நின்றுபோயிருந்தது.

“நான் நின்னுட்டேன்,” என்றான் கொக்கு.

மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்தால் முழங்கால் மேலே வரும், அதில் முகத்தைத் தாங்கிக்கொண்டான். “மூணாவது மிதவையில திரும்பறேன். பக்கத்துல வந்தவன் தண்ணிய மூஞ்சில அடிச்சுட்டுப் போனான். ஒண்ணும் தெரியல. எத்தனையோ தடவ அப்படி ஆயிருக்கு, குருட்டாம்போக்குல திரும்பிப் போயிருக்கேன். அன்னிக்கு என்னமோ ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டேன். வேகத்துல திரும்பறப்ப காலை எடுத்தா மூக்கு குத்தும்னு சின்னப்புள்ளைக்கும் தெரியும். எடுத்துட்டேன்.”

“பயந்துட்டீங்களா?”

“பயந்துட்டேன். அதுக்கு வேற பேரு வச்சுப் பாத்தேன், எதுவும் ஒட்டல.”

“அப்ப இஞ்சின் கட்டாயிடுச்சுன்னு ஏன் சொன்னீங்க?”

“நானா சொன்னேன்? வாய் சொல்லிச்சு. படுத்துக் கெடக்கேன், முதலாளி குனிஞ்சு ‘என்னடா ஆச்சு’ங்கறாரு. சுத்தி அம்பது பேரு. வந்துடுச்சு. அப்புறம் அதையே எல்லாரும் சொன்னாங்களா, நானும் நம்பிடலாம்னு பாத்தேன். பாதி நாளு நம்பவும் செஞ்சேன்.”

“நான் உக்காந்து உக்காந்து அழுததப் பாக்கலையா நீங்க?”

“எனக்காக அழுவுறேன்னு நெனச்சேன்.”

“உங்களுக்காகவும்தான் அழுதேன். என் பங்கு தனி.”

அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. வரவேண்டிய கோபம்தான், கொஞ்சம் தாமதமாக வந்தது. கையிலிருந்த கிரீஸ் துணியை அவன்மேல் வீசினாள். பக்கத்திலிருந்த இன்னொரு துணியையும் வீசினாள். “பத்து மாசம்! ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேனே! சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியாம தின்னுட்டுக் கெடந்தேன்!”

“நீ மட்டும் சொன்னியா?” என்றான் அவன், துணியைத் தலையிலிருந்து எடுத்தபடி. “நீ எட்டுன்னு சொல்லியிருந்தா நான் அன்னிக்கே ஒத்துக்கிட்டிருப்பேன். உம்மேல பழி விழ விட்டுருப்பேனா?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் முகத்தில் முதலில் ஒரு கோணல் வந்தது. அழப்போகிறாள் என்று அவன் எழுந்தான். அழுகைதான், ஆனால் பாதியில் சிரிப்பு கலந்துவிட்டது. அவனும் சிரித்தான், விலா வலித்ததால் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றாள், கழுத்தில் அளவு நாடாவோடு. “முடிஞ்சுதா? உங்க கதையக் கேட்டுக்கிட்டே தச்சதுல தையல் கோணிப்போச்சு, ரெண்டு முழம் பிரிக்கணும். டேய், அடுப்புல முட்டை வெடிச்சு நாறுது.”

முட்டையை மூன்று பேரும் ரொட்டியோடு தின்றார்கள். கருகிய வாசனை இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. திருப்புளிதான் கேட்டாள். “ஞாயித்துக்கெழம மறுபடி அதுல ஏறணுமா நீங்க?”

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். “காலைல இஞ்சின் நின்னப்ப எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? சாமி, இப்படியே கெடன்னு வேண்டிக்கிட்டேன்.”

“அப்ப ஏறாதீங்க.”

“ஏறலைன்னா நான் யாரு?”

“யாரா?” என்றாள் நாத்தனார். “எனக்குத் தம்பி. இவளுக்குப் புருஷன். ஏணி இல்லாம பரண்மேல இருக்கறத எடுத்துக் குடுக்கற ஆளு. இது போதாதாக்கும்.”

மறுநாள் காலை மூன்று பேருமாக ஐஸ் ஃபாக்டரிக்குப் போனார்கள். நாத்தனாரை யாரும் கூப்பிடவில்லை, அவளே வந்தாள். ஈரத் தரையில் பனிக்கட்டிப் பாளங்கள் புகைந்துகொண்டிருந்தன. கொக்கு ஒளிவு மறைவில்லாமல் சொல்லி முடித்தான். முதலாளி கேட்டுக்கொண்டே ஒரு பாளத்தைக் காலால் நகர்த்தினார்.

“ஏன்டா, இத சொல்ல ஒரு ஊர்வலமா?” என்றார். பிறகு குரலை ஏற்றினார். “ஒரு பாவமும் அறியாத இஞ்சின் மேல பழியப் போட்டே. நான் அத நம்பி, காத்து தள்ளுற கருவிக்குப் புதுச் சக்கரம் வேற மாட்டி வச்சிருக்கேன், பலம் பத்தலையோன்னு. இப்ப யாரு ஓட்டுறது? நானா? நான் ஏறுனா அது நீர்மூழ்கி ஆயிடும்.”

“தபால்காரிய ஓட்டச் சொல்லுங்க,” என்றான் கொக்கு. “என்னைவிட நல்லாத் திருப்புவா. நாலு வருஷமா பாக்கறேன்.”

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பார்ப்பதற்கு அந்த உயரத்தில் நேரம் பிடித்தது. “மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல,” என்றார், முன்னைவிடத் தணிந்த குரலில். “விலா எப்படி இருக்கு?”

“சிரிச்சா வலிக்குது.”

“சிரிக்காத.”

தபால்காரி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சனிக்கிழமை அவள் இந்தப் படகில் பழகப் போனாலும் தீவுத் தபால் நிற்கக் கூடாது. அதை நான் கொண்டுபோகிறேன் என்றான் கொக்கு. அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் வெளுத்திருந்தது. புதுச் சக்கரம் காற்றை முன்னைவிட அதிகமாக அழுத்துவதால், பழைய கணக்கு செல்லாது என்று திருப்புளிக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். முதலில் எட்டு. பயந்த அதே எட்டைத் தன் கையாலேயே வைத்தாள். துறையில் இஞ்சின் தேனாக ஓடியது. தபால்காரி நேர்பாதையில் முழு வேகம் பிடித்ததும், ஏரி முழுக்கக் கேட்கிறமாதிரி விக்கல் எடுத்தது.

“இந்த வருஷத்துக்கு எட்டு ஆகாது,” என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

ஏழு வைத்தாள். கொக்கு துறையின் கோடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டான். “கடைசில ஒரே ஒரு விக்கல். கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

ஆறு வைத்தாள். முழு வேகத்தில் சத்தம் துணி கிழிகிற மாதிரி ஒரே சீராகப் போனது. திரும்பித் துறைக்கு வந்து நின்றபோதுதான் கொஞ்சம் முனகியது.

“ஆறரை வச்சுப் பாக்கலாமா?” என்றாள் தபால்காரி. “நின்ன இடத்துலயும் சொகுசா இருக்குமே.”

திருப்புளி கொக்கைப் பார்த்தாள். “ஞாயித்துக்கெழம குளுருமாம்,” என்றான் அவன். “குளுந்தா காத்து கெட்டியாகும், அழுத்தம் இன்னும் ஏறும்.”

“அப்ப ஆறுதான்,” என்றாள் அவள். “நின்ன இடத்துல முனகுனா முனகிட்டுப் போகட்டும். பந்தயம் நின்ன இடத்துலயா நடக்குது?” நான்கு பிளக்கையும் இன்னொரு முறை தகடு விட்டுப் பார்த்தாள். தகடு லேசாக உரசி, இழுத்தால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே குளிர்ந்தது. ஒன்பது படகுகள் கிளம்பின. இத்தனை வருஷத்தில் திருப்புளி ஒரு பந்தயத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. பாதி நேரம் கண்ணை மூடிக்கொள்வாள், மீதி நேரம் ஆளைத்தான் தேடுவாள். இன்று அந்த ஆள் பக்கத்தில் நின்று அவள் காலை மிதித்துக்கொண்டிருந்தான். தபால்காரிக்காகவும் நெஞ்சு அடித்துக்கொண்டதுதான், ஆனால் அது வேறு விதமான அடிப்பு. இஞ்சினைக் கேட்க அதில் இடம் இருந்தது.

மூன்றாவது மிதவையில் கொக்கு அவள் முழங்கையைப் பிடித்தான். படகு மிதவைக்கு நெடுந்தூரம் முன்னாலேயே வேகத்தைக் கொஞ்சம் விட்டு, திருப்பத்துக்குள் நுழைந்ததும் சீராக ஏற்றிக்கொண்டு வெளியே வந்தது. தண்ணீர் விசிறியாக எழும்பி விழுந்தது.

“முன்னாடியே காலை எடுத்தா பாரு, உள்ள போனப்புறம் எடுக்கவேயில்ல,” என்றான். “அப்படித்தான் செய்யணும்.” அவன் குரலில் பொறாமை இருக்குமோ என்று திருப்புளி உற்றுக் கேட்டாள். இல்லை. வெயிலில் இருந்து நிழலுக்கு வந்தவன் பேசுகிற குரலாக இருந்தது.

இரண்டாவதாக வந்தார்கள். முதலாளி, முதலாவதாக வராததற்கு ஆறு காரணம் சொல்லிவிட்டு, கேப்பை மட்டும் அதில் சேர்க்கவில்லை. தபால்காரி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே மேலே ஏறி வந்து, “யம்மா, இது இஞ்சினா பேயா!” என்றாள். அடுத்த பந்தயமும் அவளுக்குத்தான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அதற்கப்புறம் அவளுக்குப் பழகுவதற்கு வாரத்தில் இரண்டு நாள் தேவைப்பட்டது. அந்த இரண்டு நாளும் தீவுத் தபால் கொக்கின் பொறுப்பாயிற்று. காலையில் போனால் மத்தியானம் வருவான். எந்தத் தீவில் யார் வீட்டு நாய் குட்டி போட்டது, யாருக்கு எந்தக் கடிதம் வராமல் முகம் வாடுகிறது என்று சாப்பிடும்போது சொல்லி மாளாது. நாத்தனார் தைப்பதை நிறுத்திவிட்டு, பாத்திரத்தை ஏந்தியபடி வந்து உட்கார்ந்து கேட்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் தபால் படகைப் பட்டறைக்கு நேராகக் கரையில் கட்டிவிட்டு வந்தான். கிழட்டுப் படகு. ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின், ஒற்றைப் பிளக். அதைக் கழற்றி, அக்கறையாகத் துடைத்து, ஏதோ பெரிய பந்தயத்துக்குத் தயார் செய்கிறவன் மாதிரி அவள் முன்னால் நீட்டினான்.

“இதுக்கு எவ்வளவு வைக்கணும்? ஆறா, எட்டா?”

திருப்புளி வாங்கிப் பார்த்தாள். முனை தேய்ந்து, சந்து ஒரு பக்கம் கோணி, அளவு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. ஆனாலும் இத்தனை வருஷமாக ஒரு கடிதம்கூடத் தாமதமானதில்லை. இரண்டு தட்டுத் தட்டி, வாயால் ஊதி, அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

“எவ்வளவு வேணா வைங்க,” என்றாள். “அது பாட்டுக்கு ஓடும்.”